பெருவெடிப்பு என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருவெடிப்பு என்றதும் பலர் மனதில் வரும் படம் ஒன்றுதான். கும்மிருட்டு, நடுவில் ஒரு புள்ளி, டமார் என்று ஒரு சத்தம், நாலாபக்கமும் தெறிக்கும் நெருப்பு. அறிவியல் சொல்லும் கதைக்கும் இந்தப் படத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. குழப்பத்தில் பாதிக்கு மேல் இந்தப் பெயரால் வந்தது என்பது என் கட்சி. அதனால் இங்கே பேரண்டத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பெயரைப் பற்றியும் பேசியிருக்கிறேன்.

பெருவெடிப்பு என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் நாம் காணும் பேரண்டம் முழுவதும் மிகச் சூடாகவும் மிக நெருக்கமாகவும் இருந்தது. பிறகு விரிந்தது. விரிய விரியக் குளிர்ந்தது. குளிரக் குளிர அணுக்களும் விண்மீன்களும் நாமும் உண்டானோம். பெருவெடிப்புக் கோட்பாடு சொல்வது இவ்வளவுதான். மேலே 'வெடித்தது' என்ற வினை எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன்.

அப்படியானால் வெடித்தது எது? எங்கே வெடித்தது?

பட்டாசு வெடித்தால் அதற்கு ஓர் இடம் உண்டு. அதைச் சுற்றிலும் காலி இடம் உண்டு. துண்டுகள் அந்தக் காலி இடத்துக்குள் பறக்கும். பேரண்ட விரிவில் இதில் எதுவும் கிடையாது. ஏற்கெனவே இருந்த வெளிக்குள் பொருள் பறந்து போகவில்லை, அந்த வெளிதான் விரிகிறது. விண்மீன் திரள்களுக்கு நடுவில் உள்ள தூரம் கூடிக்கொண்டே போகிறது.

ஓர் எலாஸ்டிக் நாடாவில் விரல்கடை இடைவெளியில் வரிசையாக மைப்புள்ளி வைத்து இழுத்துப் பாருங்கள். நீங்கள் எந்தப் புள்ளியில் உட்கார்ந்து பார்த்தாலும் பக்கத்துப் புள்ளி கொஞ்சம் விலகும், அதற்கடுத்த புள்ளி இரண்டு மடங்கு விலகும், அதற்கடுத்தது மூன்று மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் 'எல்லாரும் என்னைவிட்டு ஓடுகிறார்கள், நான்தான் நடு' என்று தோன்றும். எட்வின் ஹபிள் 1929-இல் வெளியிட்ட அளவீடுகளில் தெரிந்தது இந்த ஒழுங்குதான்: தூரம் கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது. நாடாவுக்கு இரண்டு முனை உண்டு, இழுக்க இரண்டு கை வேண்டும். பேரண்டத்துக்கு அப்படி ஒரு முனையை யாரும் கண்டதில்லை. உவமை அந்த இடத்தோடு நின்றுவிடும்.

எங்கே வெடித்தது என்றால், இங்கேதான். நீங்கள் இதைப் படிக்கும் இடம், நிலா, ஆண்ட்ரோமெடா திரள், எல்லாமே அந்தச் சூட்டுக்குள் இருந்தவை. விரல் நீட்டி 'அதோ அங்கே' என்று காட்ட ஒரு திசை கிடையாது.

ஆனால் எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து வந்தது என்றுதானே படித்தோம்?

நானும் அப்படித்தான் படித்தேன். கரும்பலகையில் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து அம்புக்குறிகள் கிளம்பும். அந்தப் படம் மனதைவிட்டுப் போகப் பல வருடம் ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, நாம் காணக்கூடிய பேரண்டம் வேறு, மொத்தப் பேரண்டம் வேறு. நமக்கு ஒளி வந்து சேரக்கூடிய பகுதியின் எல்லை இன்று எல்லாத் திசையிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இந்தப் பகுதி ஒரு காலத்தில் மிகமிகச் சிறியதாக இருந்தது என்பது சரி. அதற்கு அப்பாலும் பேரண்டம் நீளுகிறது. மொத்தமும் முடிவில்லாததாக இருந்தால், தொடக்கக் காலத்திலும் அது முடிவில்லாததாகவே இருந்திருக்கும். நெருக்கம்தான் கூடுதலாக இருந்திருக்கும். முடிவில்லாத ஒன்று எப்படி விரியும் என்று தலை சுற்றலாம். எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்: 1, 2, 3 என்று போகும் வரிசையை இரண்டால் பெருக்கினால் 2, 4, 6 என்றாகும். இடைவெளி இரட்டிப்பாகிவிட்டது. வரிசை முன்னும் முடியவில்லை, இப்போதும் முடியவில்லை.

இந்தப் பெயரை வைத்தது யார்?

இந்தக் கோட்பாட்டை நம்பாத ஒருவர்.

ஃபிரெட் ஹாயில் கேம்பிரிட்ஜில் இருந்த ஆங்கிலேய வானியலாளர். 1948-இல் அவரும், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு என்ற அவருடைய நண்பர்களும் மாறாநிலைக் கோட்பாடு ஒன்றை முன்வைத்தார்கள். பேரண்டம் விரிகிறது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் விரிவால் உண்டாகும் இடைவெளியை நிரப்பும் அளவுக்குப் புதிய பொருள் துளித்துளியாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது, ஆகவே எந்தக் காலத்தில் பார்த்தாலும் பேரண்டம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தெரியும், அதற்குத் தொடக்கமே இல்லை என்றார்கள்.

1949 மார்ச் 28 அன்று ஹாயில் பிபிசி வானொலியில் தம் கோட்பாட்டை விளக்கிப் பேசினார். எதிர்த்தரப்பைக் குறிப்பிடும்போது, பேரண்டத்தின் எல்லாப் பொருளும் பழங்காலத்தில் ஏதோ ஒரு கணத்தில் ஒரே ஒரு 'பிக் பேங்'கில் உண்டானதாகச் சொல்பவை என்று ஒரு வரியில் சொல்லிப் போனார். அந்தப் பேச்சு அடுத்த மாதம் பிபிசியின் வார இதழில் அச்சாயிற்று. மறுவருடம் வேறொரு வானொலித் தொடரிலும் அதே சொல்லைப் பயன்படுத்தினார். சொல் பிறந்த கதை அவ்வளவுதான்.

கிண்டலாகத்தானே அப்படிச் சொன்னார்?

பொதுவாக அப்படித்தான் எழுதுகிறார்கள். ஹாயில் பின்னாளில் மறுத்தார். வானொலியில் படம் காட்ட முடியாது, கேட்பவர் மனதில் சட்டென்று ஒரு காட்சி வரவேண்டும், இரண்டு கோட்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட ஒரு பளிச் சொல் தேவைப்பட்டது என்பது அவர் விளக்கம். எனக்கு அதை நம்பத் தோன்றுகிறது. அதே சமயம், எதிராளியின் கருத்தை 'ஒரே ஒரு டமார்' என்று சுருக்குகிறவர் அதன்மீது பெரிய மரியாதை வைத்திருந்தார் என்றும் சொல்ல மாட்டேன்.

ஹாயிலை வில்லனாக்கிவிட வேண்டாம். கார்பன், ஆக்சிஜன், இரும்பு போன்ற கனமான தனிமங்கள் விண்மீன்களின் வயிற்றில் வெந்து உண்டானவை என்பதை நிறுவியதில் அவர் பங்கு மிகப் பெரியது. அதில் சரியாகச் சொன்னவர் அவர்தான். இன்னொரு வேடிக்கை: 1964-இல் ரோஜர் டெய்லருடன் சேர்ந்து, தொடக்கக் காலச் சூட்டில் எவ்வளவு ஹீலியம் உண்டாகியிருக்கும் என்று கணக்குப் போட்டவரும் அவரே. அந்தக் கணக்கு பெருவெடிப்புக்கு வலுச் சேர்த்தது. ஆனாலும் 2001-இல் இறக்கும்வரை அவர் பெருவெடிப்பை ஏற்கவில்லை. 1993-இல் ஜெஃப்ரி பர்பிட்ஜ், ஜெயந்த் நார்லிகர் ஆகியோருடன் சேர்ந்து தம் பழைய கோட்பாட்டைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்.

அதற்கு முன் அந்தக் கருத்துக்கு என்ன பெயர்?

கருத்து பெயரைவிட மூத்தது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளை வைத்து, பேரண்டம் விரியவும் கூடும் என்று 1922-இல் ரஷ்யாவின் அலெக்சாந்தர் ஃபிரீட்மன் காட்டினார். 1925-இல் இளம்வயதிலேயே இறந்துபோனார். 1927-இல் பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமெத்ர் தனியாக அதே முடிவுக்கு வந்தார். விண்மீன் திரள்கள் விலகிப் போவதை இந்த விரிவோடு இணைத்தவரும் அவர். 1931-இல் ஒரு படி மேலே போய், பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒன்றில் போய் முடியும் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆதி அணு'. சிலர் அதை அண்ட முட்டை என்றும் அழைத்தார்கள். தமிழில் இது கூறியது கூறல் ஆகிவிடும். அண்டம் என்றாலே முட்டைதான்.

1940களில் ஜார்ஜ் காமோவ், ரால்ஃப் ஆல்ஃபர், ராபர்ட் ஹெர்மன் ஆகியோர் தொடக்கக் காலச் சூட்டைக் கணக்கில் எடுத்தார்கள். அந்தச் சூட்டின் மிச்சம் இன்றும் சில கெல்வின் (கடுங்குளிரின் கடைசி எல்லையான மைனஸ் 273 டிகிரி செல்சியஸைப் பூச்சியமாக வைத்து எண்ணும் வெப்ப அலகு) அளவில் எங்கும் பரவியிருக்க வேண்டும் என்று ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948-இலேயே எழுதினார்கள். இவர்கள் யாரும் தங்கள் கோட்பாட்டைப் 'பெருவெடிப்பு' என்று அழைத்துக்கொண்டு கிளம்பவில்லை. 1950களில் ஆய்வுக் கட்டுரைகளில் அந்தச் சொல்லைக் காண்பதே அரிது.

பிறகு எப்படி நிலைத்தது?

நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில் கொம்பு வடிவில் ஒரு பெரிய ஆன்டெனா இருந்தது. 1964-இல் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் அதில் அளவெடுத்தபோது ஓர் இரைச்சல் விடாமல் வந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இரைச்சல். பகலிலும் இரவிலும், கோடையிலும் குளிரிலும் மாறவில்லை. ஆன்டெனாவுக்குள் புறா கூடு கட்டியிருந்தது. புறாவைத் துரத்தி எச்சத்தையும் கழுவிப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அதே கதிர்வீச்சைத் தேடுவதற்காகப் பக்கத்துப் பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கேயின் குழு கருவி கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தரப்பும் பேசிக்கொண்ட பிறகுதான், கழுவியும் போகாத அந்த இரைச்சல் பேரண்டத்தின் பழைய சூடு என்று தெரிந்தது.

1965-இல் முடிவுகள் அச்சாயின. மாறாநிலைக் கோட்பாட்டால் இதை எளிதாக விளக்க முடியவில்லை. போட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது, செய்தித்தாள்களுக்கு ஒரு சின்னப் பெயர் வேண்டியிருந்தது, ஹாயில் வைத்த பெயர் கையருகே இருந்தது. தோற்றவர் வைத்த பெயர் வென்றவருக்கு நிலைத்துவிட்டது. பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் 1978-இல் நோபல் கிடைத்தது. லெமெத்ர் 1966-இல் இறப்பதற்குச் சற்று முன் இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டார் என்பது ஓர் ஆறுதல்.

இந்தச் சொல் சரியாக எதைக் குறிக்கிறது? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஒரே சொல்லை மூன்று பொருளில் புழங்குகிறோம். மூன்றும் கலந்துபோவதால்தான் பாதிச் சண்டை.

ஒரு பொருளில் அது கோட்பாட்டின் பெயர். விரிவு, குளிர்தல், தனிமங்கள் உண்டானது, திரள்கள் உருவானது என்று மொத்தக் கதைக்கும் சேர்த்துப் பெருவெடிப்பு என்கிறோம். இதற்குச் சான்றுகள் ஏராளம்.

இன்னொரு பொருளில் அது ஒரு காலகட்டம். சூடும் நெருக்கமுமாக இருந்த அந்த முதல் சில நிமிடங்கள். முதல் நொடியின் முடிவில் வெப்பம் சுமார் 1,000 கோடி கெல்வின். அடுத்த சில நிமிடங்களில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து ஹீலியக் கருக்கள் உண்டாயின. எடைக்கணக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், துளியூண்டு லித்தியம். பழமையான வாயுத் திரள்களை அளந்தால் ஹீலியம் இன்றும் அந்த விகிதத்தை ஒட்டியே வருகிறது. அதனால் இந்தக் காலகட்டத்தைப் பற்றியும் நம்பிக்கையோடு பேசலாம்.

மூன்றாவது பொருள்தான் வம்பு. கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பூச்சியத்துக்குப் போனால் வரும் அந்தக் 'கணம்'. பொதுச் சார்பியலை மட்டும் நம்பினால் அங்கே நெருக்கமும் வெப்பமும் முடிவிலி ஆகிவிடும். இதை ஒருமைப்புள்ளி என்கிறார்கள். இயற்பியலில் விடை முடிவிலி என்று வந்தால், பொதுவாக அது சமன்பாடு கைவிரித்துவிட்டதன் அடையாளம். அங்கே உண்மையில் அப்படி ஏதோ இருந்தது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. அந்த மிகச் சிறிய நேரத்துக்கு ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் சேர்த்துப் பேசும் கோட்பாடு வேண்டும். உறுதிப்பட்ட ஒன்று இன்னும் கையில் இல்லை.

போதாக்குறைக்கு, 1980 வாக்கில் ஆலன் கூத் முன்வைத்த வீக்கக் கருத்து வந்தது. மிகத் தொடக்கத்தில், நொடியின் கற்பனைக்கெட்டாத சிறு துணுக்கில், பேரண்டம் தாறுமாறான வேகத்தில் வீங்கியது என்கிறது அது. அந்த வீக்கம் ஓய்ந்து, அதன் ஆற்றல் வெப்பமாக மாறிய இடத்திலிருந்துதான் 'சூடான பெருவெடிப்பு' தொடங்குகிறது என்று இன்று பல அண்டவியலாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அவர்கள் பேச்சில் பெருவெடிப்பு முதல் நிகழ்வு கூட இல்லை. ஆகவே யாராவது 'பெருவெடிப்பு நிரூபிக்கப்பட்டுவிட்டதா' என்று கேட்டால், எந்தப் பெருவெடிப்பு என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, அதற்கு முன்னால் என்ன இருந்தது?

காலமே அங்கேதான் தொடங்கியது என்றால் 'முன்னால்' என்ற சொல்லுக்கு இடமில்லை. வட துருவத்தில் நின்றுகொண்டு வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்பது போல. இது ஒரு பதில். வேறொரு பேரண்டம் சுருங்கி மறுபடி விரிந்தது என்பது இன்னொரு பதில். வீக்கம் முன்பே நடந்துகொண்டிருந்தது என்பது மூன்றாவது. எதற்கும் இன்னும் சான்று கிடைக்கவில்லை. பெருவெடிப்புக் கோட்பாடு 'ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் வந்தது' என்று சொல்கிறது என்பார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. இருந்த ஒன்று எப்படி மாறியது என்பதுதான் அதன் பேச்சு.

தமிழில் எதைச் சொல்வது? பெருவெடிப்பா, மாவெடிப்பா, பிக் பேங்கா?

பெருவெடிப்பு வேரூன்றிவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாம். பேச்சில் பிக் பேங் என்றாலும் குற்றமில்லை. மாவெடிப்பு பொருளில் சரி, புழக்கத்தில் குறைவு.

மொழிபெயர்ப்பில் ஒன்று நடந்திருக்கிறது. 'பேங்' என்பது சத்தத்தைக் குறிக்கும் சொல், நம் டமார், படார் போல. அதன்படி போயிருந்தால் 'பேரொலி' என்றோ 'பெருமுழக்கம்' என்றோ ஆகியிருக்கும். நாம் சத்தத்தை விட்டுவிட்டு வெடிப்பை எடுத்துக்கொண்டோம். தமிழில் வெடிப்பு என்ற சொல் வெடிகுண்டோடு நிற்பதில்லை. உதடு வெடிக்கும், வறண்ட வயல் வெடிக்கும், குதிகாலில் பித்தவெடிப்பு வரும். இவை பேரண்டத்துக்கு உதவாது. ஆனால் பருத்தி வெடிப்பது இருக்கிறதே, அது அருமையான படம். காய் முற்றி ஓடு பிளந்து, உள்ளே இறுகிக் கிடந்த பஞ்சு தானாக விரிந்து பொங்குகிறது. சத்தம் இல்லை, துண்டு தெறிப்பது இல்லை, இருந்த ஒன்றே விரிகிறது. பருத்திக்கும் வெளியே காற்றும் வானமும் உண்டு என்பதால் இதுவும் முழுப் பொருத்தம் இல்லைதான். இருந்தாலும் பெருவெடிப்பு என்றதும் குண்டு வெடிப்பது மனதில் வந்தால், அதை அகற்றிவிட்டு இந்தப் பருத்தியை வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மற்ற மொழிகளில் எப்படிச் சொல்கிறார்கள்?

ஜெர்மன் மொழியில் 'ஊர்க்னால்'. 'ஊர்' என்றால் ஆதி, 'க்னால்' என்றால் டமார். பெருமையை விட்டு ஆதியைப் பிடித்திருக்கிறார்கள்; எனக்கு இது பிடிக்கும், டமார் மட்டும் இல்லாதிருந்தால். டச்சிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். ஃபின்லாந்து மொழியில் தொடக்க வெடிப்பு என்ற பொருளில் சொல்கிறார்கள். சீனத்திலும் இந்தியிலும் மலையாளத்திலும் நம்மைப் போலவே பெரும் வெடிப்புதான்; இந்தியில் மகாவிஸ்போட், மலையாளத்தில் மகாவிஸ்போடனம். ஜப்பானியர்கள் ஆங்கிலச் சொல்லையே தங்கள் நாக்குக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டார்கள். ஹாயில் ஒரு வானொலிப் பேச்சில் போகிற போக்கில் போட்ட சொல் இத்தனை மொழிகளில் வெடித்திருக்கிறது.

எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே சொல்லாகப் 'பெருவெடிப்பு' என்று எழுதுங்கள். அடுத்து கோட்பாடு வந்தால் 'பெருவெடிப்புக் கோட்பாடு', க் உண்டு. 'பெரிய வெடிப்பு' என்று பிரித்தால் கலைச்சொல் போய் சாதாரண விபத்துச் செய்தி ஆகிவிடும்.

'பெருவெடிப்பு நடந்த இடம்' என்று எழுதாதீர்கள், அப்படி ஓர் இடம் இல்லை. 'பெருவெடிப்பிலிருந்து சிதறிய துண்டுகளே விண்மீன்கள்' என்பதும் தவறு. முதல் விண்மீன்கள் தோன்றவே பத்துக் கோடி ஆண்டுகள் போலப் பிடித்தது. 'சூரிய மண்டலம் பெருவெடிப்பில் தோன்றியது' என்று ஒரு பாடக்குறிப்பில் படித்திருக்கிறேன். சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டுதான். பேரண்டக் கதையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தபின் வந்த விருந்தாளி அது.

1,380 கோடியா, 13.8 கோடியா? எண் ஒவ்வொரு இடத்திலும் மாறுகிறதே?

1,380 கோடிதான். ஆங்கிலத்தில் 13.8 பில்லியன் என்பார்கள். ஒரு பில்லியன் 100 கோடி. சிலர் பில்லியனைக் கோடி என்று மாற்றி 13.8 கோடி என்று போட்டுவிடுகிறார்கள். அது டைனோசர் வாழ்ந்த காலம்! பிளாங்க் செயற்கைக்கோளின் தரவுகளிலிருந்து 2018-இல் வந்த மதிப்பு 1,378.7 கோடி, கூடக்குறைய 2 கோடி ஆண்டு.

வெடித்தபோது சத்தம் கேட்டிருக்குமா?

'டமார்' இல்லை. ஆனால் ஒலி இருந்தது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். முதல் 3,80,000 ஆண்டுகள் பேரண்டம் அடர்த்தியான பிளாஸ்மாவாக, அதாவது எலெக்ட்ரான்களும் கருக்களும் தனித்தனியாக அலையும் குழம்பாக இருந்தது. ஒளி துகள்களில் முட்டி மோதி அங்கேயே உழன்றது. அந்தக் குழம்பில் அழுத்த அலைகள் ஓடின. காற்றில் ஒலி ஓடுவதும் அழுத்த அலையாகத்தான். வெப்பம் சுமார் 3,000 கெல்வினுக்கு இறங்கியதும் எலெக்ட்ரான்களும் கருக்களும் சேர்ந்து அணுக்களாயின, ஒளிக்கு வழி திறந்தது, அலைகள் அப்படியே உறைந்தன. அந்த ஒளிதான் இன்று 2.725 கெல்வினுக்குக் குளிர்ந்து நுண்ணலைப் பின்புலமாக வந்துகொண்டிருக்கிறது. அலைகளின் தடம் அதில் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது. விண்மீன் திரள்கள் பரவியிருக்கும் விதத்திலும் அதே தடம் சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளியாகத் தெரிகிறது. 2005-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். பெயரில் உள்ள ஒலிக்கு இவ்வளவு நியாயம் உண்டு.

'கோட்பாடு' என்றால் வெறும் ஊகம்தானே?

ஊகத்துக்குக் கருதுகோள் என்று வேறு சொல் இருக்கிறது. கோட்பாடு சான்றுகளைத் தாங்கி நிற்பது. இதைப் பொறுத்தவரை திரள்களின் விலகல், பின்புலக் கதிர்வீச்சு, ஹீலிய விகிதம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பக்கத்திலிருந்து ஒரே விடை வருகிறது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெருவெடிப்பைப் பொய்யாக்கிவிட்டதாமே?

2022-இல் முதல் படங்கள் வந்தபோது கிளம்பிய பேச்சு. எதிர்பார்த்ததைவிட முந்தைய காலத்திலேயே பிரகாசமான திரள்கள் தெரிந்தன என்பது உண்மை. 2024-இல் அறிவித்த ஒரு திரள், பேரண்டத்துக்கு 30 கோடி ஆண்டு கூட நிரம்பாத காலத்தைச் சேர்ந்தது. இதனால் ஆட்டம் கண்டது, திரள்கள் எவ்வளவு சீக்கிரம் உருவாகும் என்ற கணக்குகள். விரிவும் பழைய சூடும் அப்படியே இருக்கின்றன. சொல்லப்போனால், அந்தத் திரளின் காலத்தைக் கணிக்கவே விரிவைத்தான் பயன்படுத்தினார்கள்.

உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. விரிவின் வேகத்தைப் பின்புலக் கதிர்வீச்சை வைத்துக் கணித்தால் ஒரு மெகாபார்செக் (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கு நொடிக்கு 67 கிலோமீட்டர் வருகிறது. அருகிலுள்ள திரள்களை அளந்தால் சுமார் 73 வருகிறது. இரண்டு பக்கமும் தங்கள் அளவு சரி என்றே சொல்கிறார்கள்.

இது நம் பழம்பாடல்களிலேயே இருக்கிறது என்கிறார்களே?

பரிபாடலின் இரண்டாம் பாடலைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். திருமாலைப் பாடும் அந்தப் பாட்டில் வானில் ஒலி பிறந்து, பின் காற்று, தீ, நீர், நிலம் என்று ஊழி ஊழியாக உலகம் விரியும் காட்சி வருகிறது. நான் ரசித்துப் படித்த வரிகள். ஆனால் அது ஐம்பூதங்களின் தோற்ற வரிசை. ஹீலியம் கால் பங்கு, மிச்சச் சூடு சில கெல்வின் என்று அளந்து சரிபார்க்கும்படி சொல்வது வேறு வேலை. பாட்டைக் கோட்பாடாக்கினால் இரண்டுக்கும் நட்டம்.

லெமெத்ர் பாதிரியாராமே? மதத்துக்காகத்தான் இதைக் கொண்டுவந்தாரா?

கத்தோலிக்கப் பாதிரியார்தான். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் தம் உரையில் இந்த அறிவியலைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது அதிகம் சங்கடப்பட்டவர் லெமெத்ரே. தம் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலை. மாறாநிலைக்காரர்களுக்குத் தொடக்கம் என்ற பேச்சே படைப்புக் கதை போல உறுத்தியது. படைப்போடு இணைத்தவர்கள், அதனாலேயே எதிர்த்தவர்கள் என்ற இரண்டு பக்கத்துக்கும் 'பெருவெடிப்பு' என்ற பெயர் வசதியாக இருந்திருக்கிறது.

வேறு நல்ல பெயர் வைக்க யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். 1993-இல் அமெரிக்க வானியல் மாத இதழ் ஒன்று போட்டியே வைத்தது. 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து குவிந்தன. நடுவர்களில் ஒருவர் கார்ல் சேகன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, எதுவும் தேறவில்லை, பழைய பெயரே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்கள். அண்டவியலுக்காக 2019-இல் நோபல் பெற்ற ஜேம்ஸ் பீபிள்ஸும் இந்தப் பெயரை விரும்பாதவர். அது தொடக்கத்தைச் சுட்டுகிறது, நம்மிடம் தொடக்கத்துக்கு நல்ல கோட்பாடு இல்லையே என்பது அவர் வருத்தம். ஆனாலும் வேறு வழியில்லாமல் அவரும் அதையே சொல்கிறார்.

பெருஞ்சுருக்கம், பெருங்கிழிவு என்றெல்லாம் படிக்கிறோமே, அவை என்ன?

பெருவெடிப்பின் பெயரைப் பார்த்து வைத்த தம்பிப் பெயர்கள். இவை பேரண்டத்தின் முடிவைப் பற்றியவை. விரிவு நின்று எல்லாம் திரும்ப ஒடுங்கினால் பெருஞ்சுருக்கம். விரிவின் வேகம் கட்டுமீறி அணுவரை பிய்த்துப் போட்டால் பெருங்கிழிவு. விரிந்துகொண்டே போய் எல்லாம் குளிர்ந்து அணைந்தால் பேருறைவு. இன்றைய அளவீடுகள் இந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

செர்ன் ஆய்வுக்கூடத்தில் 'குட்டிப் பெருவெடிப்பு' செய்கிறார்களாமே?

ஈய அணுக்கருக்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் மோதவிட்டு, பேரண்டத்தின் முதல் நொடியின் மிகச் சிறு பங்கில் இருந்தது போன்ற குவார்க் (புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கும் துகள்) குழம்பை ஒரு கணம் உண்டாக்குகிறார்கள். பத்திரிகைகள் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டன. புதுப் பேரண்டம் எதுவும் பிறப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பொருள் ஓர் இடத்தில் மோதுகிறது, துண்டுகள் காலி இடத்துக்குள் தெறிக்கின்றன. 'வெடிப்பு' என்ற சொல் அசல் பெருவெடிப்பைவிட இந்தக் குட்டிக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது.